பச்சைப் பட்டுத் திரைக்கு முன் ஒரு கொக்கு

ரங்கூன் போய் வந்தவர்கள் எல்லோரும் தங்கக் கோபுரத்தைப் பற்றி எழுதுகிறார்கள். நானும் போய்ப் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. அதைப் பற்றி இதற்கு மேல் ஒரு வரி எழுதுவதாக இல்லை. நான் எழுத உட்கார்ந்தது ஆத்திரம் அடங்காமல். ஊர் திரும்பி ரொம்ப நாளாகிவிட்டது. இருந்தும் இதை வாயால் சொல்ல ஆரம்பித்தால் என் குரல் தெருக்கோடி வரை கேட்கிறது என்று வீட்டில் சொல்கிறார்கள். எழுதினால் யாருக்கும் காது வலிக்காது.

கும்பகோணத்தில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ இருக்கிறது. காலையில் கதவைத் திறந்ததிலிருந்து பொழுது சாயும்வரை நான் சொல்லும் வார்த்தை ஒன்றுதான்: "அசையாதீங்க." கல்யாண மாப்பிள்ளை அசைய மாட்டார். பக்கத்தில் நிற்கும் பெண் மூச்சே விட மாட்டாள். தாசில்தார் வந்தால் கல்லாகவே ஆகிவிடுவார். அவர்களுக்குப் பின்னால் ஒரு திரை தொங்கும். அதில் சீமை மரங்கள், சிவப்பு இலைகள், ஒரு ஏரி. அதை எழுதியவர் தஞ்சாவூர் ஜில்லாவைத் தாண்டியதில்லை. அந்தத் திரைக்கு முன்னால் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்கும் மனிதர்களைப் பார்த்துப் பார்த்தே என் தலை நரைக்கத் தொடங்கியது. எனக்கு அசைகிற எதையாவது படம் எடுக்க வேண்டும். யாரும் எதிரில் இல்லாதது போல் தன் பாட்டுக்கு இருக்கிற ஒன்றை எடுக்க வேண்டும். இந்த வெறி பிடித்து ஆட்டியது.

என் தங்கை விசாலத்தை ரங்கூனில் கொடுத்திருக்கிறோம். அவள் புருஷன் ரத்தினசாமி அங்கே ஒரு அரிசி மில்லில் நெல் வாங்கும் வேலையில் இருக்கிறார். லீவில் ஊருக்கு வந்திருந்தபோது என் ஸ்டூடியோவில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே சொன்னார். "மச்சான், எங்க பக்கம் வயல்ல ஆள் உசரத்துக்குக் கொக்கு நிக்கும். ஜோடி ஜோடியா வரும். ரெண்டும் எதிர் எதிரா நின்னு கூத்து ஆடும் பாருங்க, நம்ம ஊருக் கரகம் தோத்துப்போகும். ஐப்பசியில மழை விட்டதும் வாங்க. குடும்பத்தோட கிராமத்துக்குப் போயி நாலு நாள் இருந்துட்டு வருவோம்." அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். ஆடுகிற ஜோடிக் கொக்கு, ஒரே ஒரு படம். அது கிடைத்தால் போதும், பிறகு ஆயுள் முழுக்கத் தாசில்தார்களை எடுத்துக்கொண்டிருக்கலாம் என்று இருந்தது.

கப்பலைப் பற்றி என்ன சொல்ல. கையில் இருந்த காசையெல்லாம் படம் பிடிக்கிற கண்ணாடி பிளேட்டுகள் வாங்கப் போட்டுவிட்டதால் மேல்தளத்தில் திறந்த வெளியில் பயணம். இறங்குமுன் எங்களை வரிசையாக நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். அம்மை குத்திய தழும்பு இருக்கிறதா என்று ஒருவன் தோளைப் பிடித்துத் திருப்பினான். மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்த மரியாதைதான். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். அவரை அப்படி நிற்கவைத்ததை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

சுங்கச் சாவடியில் அடுத்தது. அதிகாரி என் பெட்டியில் கறுப்புக் காகிதம் சுற்றிய பொட்டலங்களைப் பார்த்தார். "போட்டோ பிளேட், வெளிச்சம் படக் கூடாது" என்றேன். வெளிச்சத்துக்குப் பயப்படும் சரக்கு என்றால் அபின்தான் என்று தீர்மானித்துவிட்டார். நான் கத்தக் கத்தக் காகிதத்தைக் கிழித்தார். ஒவ்வொரு பிளேட்டாக எடுத்து, முட்டை நல்லதா என்று பார்ப்பது போல வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "கண்ணாடிதான்" என்றார். பிறகு எல்லாவற்றையும் பத்திரமாகத் திரும்பச் சுற்றிக் கொடுத்தார். அந்தப் பெட்டி முழுவதும் பாழ். இரண்டாவது பெட்டியைத் திறக்குமுன் அவருக்குச் சாப்பாட்டு வேளை வந்துவிட்டதால் அது பிழைத்தது.

வெளியே மாப்பிள்ளை காத்திருந்தார். பருத்த உடம்பு, வெள்ளைக் கோட்டு, வாயெல்லாம் சிரிப்பு. நடந்ததைக் கேட்டதும் அவருக்கே பிளேட் போனது போல முகம் சுருங்கிவிட்டது. "ரங்கூன்ல கிடைக்காததா மச்சான், நான் வாங்கித் தர்றேன்" என்று கியாக்டடா கடைத்தெருவில் கடை கடையாக ஏறி இறங்கினார். என் காமிராவின் அளவுக்கு ஒரு கடையிலும் இல்லை. டிராமில் வரும்போது எதிரே இருந்த பர்மியர் என் பெட்டிகளைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார். என்ன என்று கேட்டேன். மாப்பிள்ளை சொல்லவில்லை, நான் விடவில்லை. "இன்னும் ஒரு கப்பல் கலா வந்து இறங்கியாச்சுங்கிறான்" என்றார். கலா என்றால் நம்மைப் போல் கடல் கடந்து வந்தவர்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அன்று துறைமுகத்தில் இறங்கிய கூட்டத்தை நினைத்தால் அவர் சொன்னதில் பொய் இல்லை.

மாப்பிள்ளைக்குப் பசுந்தாங் பேட்டையில் மாடி வீடு. கால்வாய் ஓரம் முழுக்க அரிசி மில்கள். உமியை எரித்து மில்லை ஓட்டுகிறார்கள், அந்தக் கரி நாள் முழுதும் ஊர்மேல் இறங்குகிறது. உலர்த்திய வேட்டியில் கரி, தண்ணீர்ப் பானையில் கரி, என் லென்ஸில் கரி. விசாலம் என்னைப் பார்த்ததும் அழுதாள், பிறகு பிளேட்டைப் பற்றிக் கேட்டுவிட்டு அந்த அதிகாரியைத் திட்டினாள். அவள் திட்டியது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அவளுடைய பெண் பாக்கியத்துக்கு ஆறு வயது. என்னோடு தமிழ், தெருவோடு பர்மா பாஷை.

மாப்பிள்ளையைப் பற்றி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் வீட்டில் எதுவும் நன்றாயிருக்கிறது என்று சொல்லவே கூடாது. மங்குஸ்தான் பழம் ருசியாக இருக்கிறதே என்றேன், மறுநாள் கூடையோடு வந்து நின்றது. பக்கத்து வீட்டுப் பிரம்பு நாற்காலி சௌகரியமாக இருக்கிறதே என்றேன், சாயங்காலம் அது என் அறைக்கு வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் அதற்குப் பிறகு எதில் உட்கார்ந்தாரோ தெரியாது. தெருமுனையில் மொஹிங்கா என்று மீன் குழம்பில் அரிசிச் சேமியா போட்டுத் தருகிறார்கள். ஒருநாள் இரண்டு கிண்ணம் சாப்பிட்டேன் என்று அடுத்த நாள் அந்தக் கடைக்காரியையே அடுப்போடு மாடிக்கு அழைத்து வந்துவிட்டார். விசாலம் தலையில் அடித்துக்கொண்டாள். "வாயைத் திறந்து ஒன்னும் கேக்காதீங்க அண்ணே" என்றாள்.

தடிஞ்சூட் விளக்குப் பண்டிகைக்கு மில் மூடினார்கள். பெகு போகும் ரயிலில் ஏறி, பெயர் சொன்னால் யாருக்கும் தெரியாத ஒரு சின்ன ஸ்டேஷனில் இறங்கினோம். அங்கிருந்து மாட்டுவண்டி. பாதை என்று அவர்கள் சொன்னது பாதி சேறு, மீதி தண்ணீர். நடுவழியில் ஒரு சக்கரம் அச்சு வரை இறங்கிவிட்டது. வண்டிக்காரர் அவசரமே படவில்லை. சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு, மாடு களைப்பாறட்டும் என்றார். நான் பிளேட் பெட்டியைத் தலைமேல் வைத்துக்கொண்டு முழங்கால் சேற்றில் நின்றேன். பாக்கியம் என்னைப் பார்த்துச் சிரித்து முடிக்கும் வரை வண்டி கிளம்பவில்லை.

எங்களை அழைத்திருந்தவர் ஊ போ தேன். ஊ என்பது நாம் ஐயா என்கிற மாதிரி. அந்தப் பக்கத்து நெல்லையெல்லாம் சேர்த்து மாப்பிள்ளையின் மில்லுக்கு அனுப்புகிறவர் அவர். ஒல்லியான மனிதர், நரைத்த குடுமி, பேச்சு குறைவு. மரக்கால்கள்மேல் நிற்கும் பெரிய வீடு. வீட்டுக்குக் கீழே வரப்பு, வரப்புக்குக் கீழே வயல், அதற்கு அப்பால் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீரும் கோரையும். அவர் மனைவி எங்களுக்குப் புளிச்சகீரையைப் புளிப்புச் சாறாக வைத்துப் போட்டார். நம் ஊர்க் கீரையேதான், கூட இறாலைத் தட்டிப் போட்டிருந்தது. கடல் தாண்டி வந்து அதே புளிப்பு நாக்கில் பட்டதும் எனக்குக் கொஞ்ச நேரம் யார்மேலும் கோபம் இல்லாமல் இருந்தது.

அவர்கள் பாஷை எனக்குத் தெரியாது. மாப்பிள்ளைக்குத் தெரிந்தது நெல் வாங்கும் பர்மா பாஷை. ஈரம், பதர், எடை, அதற்கு மேல் தடுமாறுவார். கடைத்தெருவில் பேரம் பேசிப் பேசி நன்றாகப் பேசக் கற்றவள் விசாலம்தான். அவள்தான் நடுவில் உட்கார்ந்து சொன்னாள். "இந்தக் கொக்குக்கு இவங்க ஜோஜான்னு பேருங்கிறாங்க. வீட்டு வரப்புக்குக் கீழ வர்றது ஒரே ஜோடியாம், வருஷா வருஷம் அதுவேதானாம். ஒன்னை விட்டு ஒன்னு இருக்காதாம். யாரும் கல்லெறிய மாட்டாங்களாம். கிட்டப் போகாம பாருங்க, அதுங்களே வரும்ங்கிறாரு."

மறுநாள் வெளிச்சம் வந்ததும் கோரையை வெட்டிக் கட்டிய மறைவுக்குள் காமிராவோடு உட்கார்ந்தேன். சாயம் வெளுத்த துணி மாதிரிப் பனி. அதற்குள்ளிருந்து அவை நடந்து வந்தன. மாப்பிள்ளை சொன்னதில் ஒரு சொல்லும் மிகையில்லை. என் உயரம் இருந்தன. சாம்பல் உடம்பு, கழுத்தின் மேல்பாதியும் தலையும் ரத்தச் சிவப்பு. ஒன்று தலையைக் குனிந்து ஒரு புல்லைப் பிடுங்கி மேலே எறிந்தது. மற்றது இறக்கையை விரித்துக் குதித்தது. பிறகு இரண்டும் கழுத்தை வானத்துக்கு நீட்டி ஒரே குரலில் கத்தின. எங்கே ஒன்றின் குரல் முடிந்து மற்றதன் குரல் தொடங்குகிறது என்று தெரியவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெளிச்சம் போதாமல் பிளேட்டில் படம் பதிய நீண்ட நேரம் திறந்து வைக்க வேண்டியிருந்தது.

நெல் போட்டுவைக்கும் இருட்டறையில் வைத்துப் பிளேட்டைக் கழுவிப் பார்த்தேன். வயல் தெளிவாக இருந்தது, வரப்பு தெளிவாக இருந்தது, கோரைத் தாள் ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது. கொக்கு இருக்க வேண்டிய இடத்தில் புகை. அதற்கு அடுத்த நாள் காலையிலும் அதே புகை. மிச்சம் இருந்த பிளேட்டுகளை நினைத்தேன், வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்த அந்த அதிகாரியை நினைத்தேன். சாப்பாட்டு நேரத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

"ஒரே ஒரு நொடி அசையாம நின்னா என்ன குறைஞ்சுடும் அந்தச் சனியனுக்கு?" என்றேன்.

மாப்பிள்ளை சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "ஒரு நொடி நின்னாப் போதுமா மச்சான்?"

"போதும்."

"சரி" என்றார். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டு சாப்பாட்டைத் தொடர்ந்தார். நானும் அதை அத்தோடு மறந்துவிட்டேன்.

மறுநாள் ஊ போ தேன் என்னைத் தோணியில் தாமரை பூத்த இடத்துக்கு அழைத்துப் போனார். கொக்கு கிடைக்காவிட்டால் ஊரையாவது எடுத்துக்கொண்டு போ என்று அவருக்கு என்மேல் இரக்கம் போலிருக்கிறது. மழைக்காலம் போய் வானம் கழுவித் துடைத்த மாதிரி இருந்தது. கரை நெடுக நாணல் பூத்து வெள்ளையாகச் சாய்ந்து கிடந்தது. நெல் பச்சையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. என் திரையில் உள்ள சிவப்பு இலைகள் எல்லாம் என்ன பொய் என்று நினைத்துக்கொண்டேன். இங்கே ஒரு இலைகூட உதிரவில்லை, ஆனாலும் வருஷம் முதிர்ந்துவிட்டது என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. நம் பக்கம் ஐப்பசி என்றால் அடைமழை, வீட்டுக்குள் ஈர வேட்டி நாற்றம். இதைப் பார்த்துப் பொறாமையாக இருந்தது. நிதானமாக இரண்டு படம் எடுத்தேன். அவை இப்போதும் என்னிடம் இருக்கின்றன, நல்ல படங்கள்.

திரும்பும்போது ஊ போ தேன் துடுப்பை நிறுத்தினார். வீட்டுப் பக்கமிருந்து கொக்கின் குரல். ஆனால் ஒரே குரல். ஒரு கொக்கு வீட்டுக்கு மேலே வட்டமிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. அவர் துடுப்பை வேகமாகப் போட்டார்.

வரப்பேறிப் பார்த்தேன். வீட்டு முற்றத்தில் இரண்டு மூங்கிலை நட்டுக் குறுக்கே கயிறு கட்டி விசாலத்தின் பச்சைப் பட்டுப்புடவையை விரித்துத் தொங்கவிட்டிருந்தது. மடிப்புகூடத் தெரியாமல் இழுத்துக் கட்டியிருந்தார்கள். அதற்கு முன்னால் ஒரு நாற்காலி. நாற்காலிப் பக்கத்தில் ஒரு முளை. முளையில் அந்தக் கொக்கு. இரண்டு காலையும் சேர்த்துக் கட்டியிருந்தது. அலகைத் துணியால் சுற்றியிருந்தது. ஒரு பக்கத்து இறக்கை பாதியோடு நின்றது, வெட்டிய சாம்பல் இறகுகள் தரையில் கிடந்தன. அக்கரையிலிருந்து வந்த கண்ணி வைக்கிற ஆட்கள் இரண்டு பேர் வெற்றிலை போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார்கள். கொக்கு அசையவில்லை. பயத்தில் விறைத்துப்போய் நின்றது.

மாப்பிள்ளை முகம் முழுக்கச் சந்தோஷம். "வாங்க மச்சான், வாங்க. விடியறதுக்கு முன்னாடியே கண்ணி போட்டோம். பறந்துடக் கூடாதுன்னு ஒரு பக்கம் மட்டும் இறகை வெட்டச் சொன்னேன். ஒரு நொடி என்ன, நாள் முழுக்க நிக்கும். திரை எப்படி? உங்க ஸ்டூடியோ மாதிரியே பண்ணிட்டேன்ல?"

எனக்குக் காது அடைத்துவிட்டது. அதற்குப் பிறகு நான் பேசியதெல்லாம் விசாலம் பின்னால் சொல்லித்தான் முழுதும் தெரியும். முட்டாள் என்றேனாம். மூட்டை நெல்லை எடை போடுகிற புத்திக்கு வேறு என்ன தெரியும் என்றேனாம். உயிருள்ள ஜந்துவுக்கும் நாற்காலிக்கும் வித்தியாசம் தெரியாத ஆளுக்கு எங்கள் பெண்ணைக் கொடுத்தோமே என்றேனாம். இதெல்லாம் அவர் மனைவி முன்னால், குழந்தை முன்னால், அவர் தொழில் செய்யும் ஊரில். தங்கை புருஷனை நம் பக்கத்தில் யாரும் இப்படிப் பேசமாட்டார்கள். நான் பேசினேன். ஒரு சொல்லையும் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

மாப்பிள்ளைக்கு முதலில் நான் சொல்வது புரியவேயில்லை. நான் நாற்காலி சரியில்லை என்கிறேனோ என்று அதைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார். பிறகு மெல்ல மெல்ல முகம் வாடியது. "நீங்கதானே மச்சான் அசையாம நின்னாப் போதும்னு சொன்னீங்க" என்றார். "கல்யாணம் பண்ணி வந்ததுலேருந்து அவ பக்கத்து மனுஷங்கன்னு இங்க வந்த முதல் ஆள் நீங்க. உங்களை வெறுங்கையோட அனுப்புவனா?"

விசாலம் போய்ப் புடவையை இழுத்து அவிழ்த்தாள். மூங்கில் ஒன்று சாய்ந்தது. மேலே மற்றக் கொக்கு இன்னும் தாழ வந்து கத்தியது, அதன் நிழல் முற்றத்தில் சுற்றிச் சுற்றி வந்தது.

ஊ போ தேன் இதற்குள் முளையருகே உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே ஏதோ சொன்னார், நீளமாகச் சொன்னார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "என்ன சொல்றாரு?" என்றேன்.

"அவருக்கு வருத்தமா இருக்காம்" என்றாள் விசாலம்.

"அவ்வளவுதானா? இவ்வளவு நேரம் சொன்னாரே."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீங்க இவங்களைத் திட்டினதும் அவர் சொன்னதும் ஒன்னுதான் அண்ணே. நீங்க நாளைக்கிக் கப்பல் ஏறிப் போயிடுவீங்க. நான் இவங்க கூடத்தானே இருக்கணும். ரெண்டு தடவை சொல்லணுமா?"

கட்டை அவிழ்த்ததும் கொக்கு இரண்டடி தடுமாறியது. பிறகு வரப்புச் சரிவில் ஓடியது. ஓடி எழும்பப் பார்த்தது, ஒரு பக்கமாகச் சாய்ந்து வயலில் விழுந்தது. எழுந்தது. மறுபடி ஓடி மறுபடி விழுந்தது. நாங்கள் எல்லோரும் நின்று பார்த்தோம், கண்ணி வைத்தவர்கள்கூட வெற்றிலை மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். மேலே சுற்றிய கொக்கு இறங்கி அதன் பக்கத்தில் நின்றது. இரண்டும் கோரைக்குள் நடந்து போயின. காமிரா என் தோளிலேயே இருந்தது.

இனி என்ன ஆகும் என்று ஊ போ தேனைக் கேட்டேன். இந்தத் தடவை விசாலம் அவர் பதிலைச் சொல் பிசகாமல் சொன்னாள். புது இறகு முளைக்க அடுத்த மழைக்காலம் ஆகலாம். இன்னும் கொஞ்ச நாளில் இங்கே தண்ணீர் வற்றிவிடும், மற்றக் கொக்குகளெல்லாம் பெரிய ஏரிப் பக்கம் போய்விடும். இதனால் போக முடியாது. நரி வராமல் இருந்தால் பிழைக்கும். "இன்னொன்னு?" என்றேன். ஊ போ தேன் இப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதுவும் போகாது" என்றாராம்.

அடுத்த நாள் பௌர்ணமி, விளக்குப் பண்டிகை. வீட்டைச் சுற்றி விளக்கு வைக்க எண்ணெயும் திரியும் தயாராகின. அன்றைக்கு அவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. சிறியவர்கள் பழமும் மெழுகுவர்த்தியும் எடுத்துக்கொண்டு பெரியவர்கள் முன்னால் மண்டியிட்டு, அந்த வருஷம் செய்த பிழைகளுக்கெல்லாம் மன்னிப்புக் கேட்பார்கள். பெரியவர்கள் வாழ்த்திவிடுவார்கள். அத்தோடு சரி. ஊ போ தேன் முன்னால் பாதி ஊர் வந்து குனிந்து எழுந்தது. கடைசியில் மாப்பிள்ளையும் போய் மண்டியிட்டார். பர்மா பாஷையில் ஏதோ சொன்னார், நெல் வார்த்தைகளை வைத்துக்கொண்டு என்னத்தைச் சொன்னாரோ. கிழவர் அவர் தலைக்கு மேலே கையைத் தூக்கி வாழ்த்தினார்.

எனக்கு வந்ததே கோபம். ஒரு சீப்பு வாழைப்பழத்தில் முடிந்துவிட்டதா? கோரைக்குள் கிடக்கிறதே, அதனிடம் யார் போய்க் குனிவது?

நான் எழுந்து போகலாம் என்று பார்த்தேன். அதற்குள் மாப்பிள்ளை நேராக என்னிடம் வந்து, அந்தப் பருத்த உடம்போடு, நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்துவிட்டார். பெண் கொடுத்த வீட்டுக்காரன் காலில் மாப்பிள்ளை விழுவதா? எங்கள் குடும்பத்தில் யாரும் கண்டதில்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. விசாலம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். என்ன செய்வேன்? "எழுந்திருங்க மாப்பிளே" என்றேன். தோளைப் பிடித்துத் தூக்கினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தவர், பாரம் இறங்கின மனிதர் போலச் சிரித்தார். விளக்கெல்லாம் ஏற்றியபோது எல்லோரும் சந்தோஷமாக இருந்தார்கள். என் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத்தான் தெரியவில்லை.

கிளம்புகிற அன்று மாப்பிள்ளை வாய் ஓயவில்லை. வண்டியில் ஏறியதிலிருந்து மில் கதை, நெல் கதை. ஊ போ தேன் வாசல்வரை வந்து கையசைத்தார். வண்டி வரப்போரமாகப் போனது. தண்ணீர் அதற்குள்ளேயே வற்றத் தொடங்கியிருந்தது. வயலில் இறங்கியிருந்த கொக்குக் கூட்டம் ஒன்று எழும்பி, கழுத்தை நீட்டிக்கொண்டு, மேற்கே போனது. அத்தனை இறக்கையும் வெயிலில் ஒரு தடவை மின்னியது.

"மச்சான், அங்க பாருங்க" என்றார் மாப்பிள்ளை.

வரப்புக்குக் கீழே, கிட்டத்திலேயே, அந்த இரண்டும் நின்றன. ஒன்றுக்கு ஒரு பக்கத்து இறக்கை குட்டையாகத் தெரிந்தது. மற்றது மேலே போகிற கூட்டத்தைத் தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஒரு தடவை இறக்கையை விரித்தது. பிறகு மடக்கிக்கொண்டு பக்கத்திலேயே நின்றது. வெயில் நன்றாக ஏறியிருந்தது. நான் இரண்டு காலையும் காத்துக் கிடந்தபோது கிடைக்காத வெளிச்சம்.

மாப்பிள்ளை வண்டிக்காரர் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். என் காமிராப் பெட்டியைத் தானே தூக்கி, தூசியைத் துடைத்து, குழந்தையைக் கொடுக்கிற மாதிரி இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். அவர் முகத்தில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை.

"இப்ப ரெண்டுமே பறக்காது மச்சான்" என்றார். "அவசரமே இல்ல. நிதானமா எடுங்க."

நான் பெட்டியை வாங்கவில்லை. வண்டியிலிருந்து குதித்தேன், செருப்பு ஒன்று சேற்றில் மாட்டிக்கொண்டது, அதை விட்டுவிட்டேன். விசாலம் அண்ணே என்று கூப்பிட்டாள். நான் திரும்பவில்லை. ஸ்டேஷன் வரை நடந்தே போனேன்.